உசுரு காயிதம்

அப்பாயியின் டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு மஞ்சள் துணி முடிச்சுகள் இருந்தன. ஒன்றில் தாத்தாவின் மெடல், அவள் கழற்றி வைத்த தாலி, திருநள்ளாற்று விபூதிப் பொட்டலம். இன்னொன்றில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு புத்தகம். தாத்தா அதை ‘லிவ்ரே தெ ஃபமீய்’ என்பார். குடும்பப் புத்தகம் என்று அர்த்தம். அப்பாயி அதையும் சுருக்கிவிட்டாள். “குடும்பத்த ஈரத்துல வைக்காதடா தம்பி” என்பாள். “குடும்பத்த எடுத்தாந்து தாத்தாகிட்ட குடு” என்பாள். ஆயுத பூஜை அன்று அரிவாள்மனை, படி, தாத்தாவின் சவரக்கத்தி ஆகியவற்றோடு அதுவும் மணைமேல் உட்காரும். அட்டையில் இருந்த குடியரசு முத்திரையின்மேல் வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் ஏறி, கடைசியில் அங்கே முத்திரை இருந்ததே தெரியாமல் போனது.

போன ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு எங்கள் ஊரான காரைக்காலுக்குப் போயிருந்தபோது அந்தப் புத்தகம் ஞாபகம் வந்தது. பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வருகிறார். மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் மாம்பழங்கள் பறக்கின்றன. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் முந்தானையை ஏந்திக்கொண்டே நின்றாள். பிள்ளைக்காக வந்திருக்கிறாள் போல. என் தோளில் விழுந்த ஒரு பழம் தெறித்து அவள் முந்தானைக்குள் போனது. அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் செய்தது ஒன்றுமில்லை, நடுவில் நின்றதுதான்.

மாங்கனிக்கு முதல் நாள் கல்யாணம். அதற்கு முந்தின நாள் ஆற்றங்கரைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. பரமதத்தர் ஊர்வலமாக வருவார். மறுநாள் புனிதவதியாருக்கு, அதாவது காரைக்கால் அம்மையாருக்கு, தாலி கட்டுவார். ஊரே மொய் எழுதாத குறை. யோசித்தால் விசித்திரமான கல்யாணம்தான். மாப்பிள்ளை பின்னால் என்ன செய்யப் போகிறார் என்று பந்தலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். மாம்பழத்தைப் பார்த்துப் பயந்து, கப்பலேறி, பாண்டி நாட்டில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைப்பார். “அந்தக் காலத்துல மேரி இருந்திருந்தா இந்த ஆளு ரெண்டாவது கல்யாணம் எழுதியிருக்க முடியாது” என்று தாத்தா ஒருமுறை சொல்ல, அப்பாயி அவர் தொடையில் கிள்ளினாள். “அம்மையாரு பேயாப் போயி சாமி காலடியில உக்காந்தா. மேரிக்குப் போயிருந்தா ஜீவனாம்சந்தான் கெடச்சிருக்கும்.”

மேரி என்றதும் மாதாவை நினைக்க வேண்டாம். மெய்ரி, நகர மன்றம். எங்கள் பக்கத்துத் தமிழில் மேரி, அதன் தலைவர் மேர். சிப்பாய் என்றால் சொல்தா. இன்றும் எங்கள் ஊராட்சிகளுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்றுதான் பெயர். 1739-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் போய்விட்டார்கள். இந்தச் சொற்கள் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டன.

அப்பாயியின் கல்யாணம் 1950-இல். விடியற்காலை முகூர்த்தம் வீட்டு வாசலில். ஐயர், ஓமப்புகை, அம்மி, அருந்ததி எல்லாம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, பொண்ணையும் மாப்பிள்ளையையும் மாட்டுவண்டியில் ஏற்றி மேரிக்குக் கூட்டிப்போனார்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். பேர் பதியாவிட்டால் குடும்பப் படி கிடைக்காது, நாளைக்கு ஒன்று ஆனால் விதவைக்குப் பென்ஷனும் கிடைக்காது. காரணம் அவ்வளவுதான். ஆனால் அப்பாயி அதை விவரிக்கும்போது அது இரண்டாவது முகூர்த்தமாகவே இருக்கும். “தலப்பா கட்டுன மேர் ஐயா எந்திரிச்சு நின்னாரு. குறுக்கால நீலம், வெள்ள, செவப்புன்னு ஒரு பட்டை, பூணூலாட்டம். ஆனா இடவலம் மாத்திப் போட்டிருந்தாரு, தெவசத்துக்குப் போடறாப்புல. எனக்குத் திக்குன்னுது.” பிறகு நான் விசாரித்தேன். பிரெஞ்சு மேயரின் மூவண்ணப் பட்டை வலத் தோளிலிருந்து இடப்பக்கம் இறங்கத்தான் வேண்டும், அது முறை. நம் ஊரில் அந்த வாக்கில் பூணூல் கிடந்தால் அது பித்ரு காரியம். பதினேழு வயசுப் பெண் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

“அப்புறம் என்னமோ வாசிச்சாரு. ‘ஊய்’னு சொல்லச் சொன்னாங்க. தாத்தா சொன்னாரு. நான் வெக்கப்பட்டுக்கிட்டு ‘உம்’முன்னேன். அதையே எழுதிக்கிட்டாங்க.”

அந்த ‘ஊய்’க்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. பிறந்ததும் செத்ததும் கட்டிக்கொண்டதும் பிரான்சில் மாதா கோயில் ஏட்டில்தான் இருந்தன. சாமியார் எழுதாதவன் பிறக்காதவன். புராட்டஸ்டண்டுகளும் யூதர்களும் பட்ட பாடு தனி. 1792 செப்டம்பர் 20 அன்று புரட்சி அரசு அந்த ஏட்டைக் கோயிலிலிருந்து பிடுங்கி நகர மன்றத்தில் வைத்தது. ஆனால் ஏடு கைமாறினால் மட்டும் கல்யாணம் ஆகிவிடுமா? சாமியாருக்குப் பதில் ஓர் ஆள் வேண்டும், அவருக்கு ஓர் அங்கவஸ்திரம் வேண்டும், வாசிக்க ஒரு மந்திரம் வேண்டும், சாட்சி வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எல்லாம் வந்து சேர்ந்தன. மந்திரம் சிவில் சட்டத்தின் பிரிவுகள். மூலஸ்தானத்தில் மரியான் சிலை. யார் வேண்டுமானாலும் வந்து ஆட்சேபம் சொல்லலாம் என்பதற்காகக் கதவை இன்றும் திறந்தே வைக்கிறார்கள். பிரான்சில் மேரிக்குப் போகாமல் கோயிலில் கல்யாணம் செய்துவைப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளும் சாமியாருக்கு இன்றைக்கும் தண்டனை உண்டு. முதலில் அரசு, பிறகுதான் ஆண்டவன். எங்கள் வீட்டில் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்கள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

புரட்சிக்காரர்கள் இன்னும் தூரம் போனார்கள். 1793 நவம்பரில் பாரிஸ் நோத்ருதாம் கோயிலைப் பகுத்தறிவின் ஆலயம் ஆக்கி, ஒரு நடிகைக்கு வேஷம் கட்டிப் பகுத்தறிவு தேவியாக உட்காரவைத்தார்கள். அடுத்த ஜூனில் ரொபஸ்பியர் பரம்பொருளுக்கு ஒரு விழா எடுத்தார். நாத்திகத்தின் பொம்மைக்கு அவரே தீவைக்க, அது எரிந்து உள்ளிருந்து ஞானத்தின் சிலை வெளிப்பட்டது. புகைபடிந்து கறுத்துத்தான் வெளிவந்ததாம். சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஐம்பது நாளில் ரொபஸ்பியரின் தலையே போய்விட்டது.

எனக்கு இதிலெல்லாம் பிடித்தது அந்த நாட்காட்டிதான். ஞாயிற்றுக்கிழமை இருக்கும்வரை கோயிலுக்குப் போகிறவன் போய்க்கொண்டுதான் இருப்பான் என்று, வாரத்தையே பத்து நாளாக மாற்றினார்கள். ஏழு கிழமைகளும் அவுட். பத்தாவது நாள் தெக்காதி, ஓய்வு. இது 1793 அக்டோபரில் வந்தது. 1806 பிறந்ததும் நெப்போலியன் அதை மூட்டைகட்டினார். அந்த நாட்காட்டி வருவதற்கு இரண்டு மாதம் முன்புதான் புதுச்சேரியை இங்கிலீஷ்காரர்கள் பிடித்தார்கள். காரைக்கால் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1817-இல். பத்து நாள் வாரம் பிறந்து, வாழ்ந்து, செத்த காலம் முழுக்க இந்த ஊர் அவர்களிடம் இல்லை. அந்த வாரம் இங்கே வந்திருந்தால் திருநள்ளாறு என்ன ஆகியிருக்கும்? சனிக்கிழமையே இல்லாத ஊரில் சனீஸ்வரன் எந்த நாளில் தரிசனம் கொடுப்பான், நளதீர்த்தத்தில் எந்த நாளில் முழுகுவார்கள்? தாத்தாவிடம் கேட்டேன். “சனி புடிச்சது அந்த காலண்டரத்தான்” என்றார்.

திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கிழமையில் கைவைக்கவில்லை, எதிலுமே கைவைக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். 1819 ஜனவரியில் போட்ட ஆணையில், இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படியே தீர்ப்பு என்றார்கள். மாமூல். அங்கே கோயிலோடு மல்லுக்கட்டிய அரசு இங்கே சாதிச் சடங்குக்குக் காவல் நின்றது. மாமூலிலிருந்து தப்ப நினைத்தவர்களுக்கு 1881 செப்டம்பரில் ஒரு வழி திறந்தது. அதிகாரி முன் போய், என் சாதி வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன், பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பெற முடியாது. பிறக்கப்போகும் சந்ததிக்கும் சேர்த்துத்தான். துறந்தவர் என்ற பொருளில் ரெனோன்சாந்து என்று பெயர். தண்ணீருக்குப் பதில் மை, மற்றபடி ஞானஸ்நானம்தான். புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை இதில் முன்னால் நின்றார். காலணியோடு நீதிமன்றத்துக்குள் போகும் உரிமைக்காக முன்பே வழக்காடியவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லா போர்த். கதவு என்று பொருள். அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் தலித்துகளும். சாதி இந்துக்கள் ஒதுங்கி நின்றார்கள். எங்கள் வீட்டிலும் யாரும் போகவில்லை. மேரியில் பேர் எழுதுவது வேறு, வழக்கத்தைத் துறப்பது வேறு என்ற கணக்கு எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. கூட்டிக்கொள்வதற்குச் சம்மதம், கழிப்பதற்குத்தான் கை வராது. ரெனோன்சாந்துகளுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று புதுவைக்கென்றே ஓர் உட்பிரிவு இன்றும் இருக்கிறது.

தாத்தா சைகோனிலிருந்து திரும்பியதும் கொடி மாறியது. 1954 நவம்பர் 1. சட்டப்படி முழுசாக ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டார்.

இப்போது எங்கள் ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு. அதன்மேல் நெப்போலியன் தன் பெயரில் ஒரு புனிதரைக் கண்டெடுத்து ஒரு திருநாளைப் போர்த்தினார். அது போய், அதே நாளில் இந்திய சுதந்திர தினம். மறுநாள் புதுவை சட்டப்படி இணைந்த நாள். நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்கும் உரிய நாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். விடுதலை நாள் என்று 2014-லிருந்து அரசு கொண்டாடுவதும் அதே நவம்பர் 1. காலையில் அணிவகுப்பு மரியாதை பார்த்துவிட்டு வருகிறவர்கள், சாயங்காலம் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவார்கள். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 சில வருஷம் மாங்கனி வாரத்திலேயே வந்துவிடும். தாத்தா மெடல்களைக் குத்திக்கொண்டு, போர் நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைக்கப் போவார். திரும்பும்போது அதே சட்டையோடு அம்மையார் கோயிலில் நிற்பார். மெடல் ஆடும், விபூதி உதிரும்.

நினைவுத்தூண் முன்னால் நிற்கும்போது ஒரு நிமிஷம் மௌனம். முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவிய வழக்கம் அது. அரசுகள் கண்டுபிடித்த சடங்குகளிலேயே கெட்டிக்காரத்தனமானது அதுதான் என்று எனக்குத் தோன்றும். ஒரு சொல்கூட இல்லாததால் யார் சாமிக்கும் குறை இல்லை. இந்துவும் கிறிஸ்தவரும் மரைக்காயரும் அவரவர் மனசுக்குள் எதையாவது சொல்லிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் ஜனவரி 30 காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதும், இரண்டு நிமிஷம் நிற்போம். காந்தி செத்த நாள் என்று தெரியும். நான் அந்த இரண்டு நிமிஷமும் பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதிலேயே குறியாக இருந்தேன்.

சாமியை எடுத்துவிட்டுச் சடங்கு செய்த வேறு கூட்டமும் எங்கள் சொந்தத்தில் உண்டு. மாயவரத்து மாமா கறுப்புச் சட்டைக்காரர். 1984-இல் அவர் கல்யாணம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, ராகுகாலத்திலேயே வைத்துக்கொண்டார். மைக், நாற்காலி வரிசை, தமிழ்த்தாய் வாழ்த்து. தமிழ்நாட்டில் பாடுவது மனோன்மணீயம் சுந்தரனார் பாட்டு. எங்கள் புதுவை மாநிலத்துக்குப் பாரதிதாசன் பாட்டு. அவர் எங்கள் நிரவியில் வாத்தியாராக இருந்தவர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பிறகு தலைவர் பேசினார். மனுதர்மத்தில் ஆரம்பித்துச் சேது சமுத்திரம் வரை போனார். பசியில் பிள்ளைகள் அழுதன. “இதுக்கு அந்த மந்திரமே தேவல, முக்கா மணியில முடிஞ்சிரும்” என்று என் காதில் சொன்னாள் அப்பாயி. ஐயருக்குத் தட்சணை, பேச்சாளருக்குப் பொன்னாடை.

நான் கிண்டல் செய்கிறேனே தவிர, அந்த மேடைக்காக அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தொடங்கிவைத்த முறை. ஐம்பதுகளில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அப்படி மணந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்தில் உரிமை கேள்விக்குறியானது. 1967-இல் அண்ணா முதலமைச்சரானதும் சட்டம் கொண்டுவந்தார். 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உறவினர் நண்பர் முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், இல்லை தாலி கட்டலாம். கடைசி வழியையும் சட்டத்தில் விட்டுவைத்திருந்தார்கள், ஊரறிந்த மனிதர் எழுதிய சட்டம். மாமா மேடையில் மாலைதான் மாற்றினார். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது அத்தை கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தாத்தா 1986-இல் போனார். அதன்பிறகு வருஷத்துக்கு ஒருமுறை அப்பாயிக்கு ஒரு சடங்கு வந்து சேர்ந்தது. விதவைப் பென்ஷன் வரவேண்டுமானால் அவள் உயிரோடிருக்கிறாள் என்று எழுதித் தர வேண்டும். செர்த்திஃபிகா தெ வீ. அவள் வாயில் உசுரு காயிதம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போகும் நாளை ஒரு மாதம் முன்பே குறித்துவிடுவாள். சனி, செவ்வாய் கூடாது, பரணி கார்த்திகை கூடாது. விடியற்காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெட்டியிலிருந்து ‘குடும்பத்தை’ எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பஸ் போகும். சிதம்பரத்தில் கோபுரம் தெரியும்போது ஜன்னலோரம் எழுந்து நின்று கும்பிடுவாள். நாலைந்து வருஷம் நான் துணைக்குப் போனேன்.

அங்கே வரிசையில் முழுக்க அவளைப்போலவே கிழவிகள். வெள்ளைப் புடவை, மல் துணியில் தைத்த பழைய பை, உள்ளே புத்தகம். ஒருத்தியை ஒருத்தி வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார்கள். வராதவளைப் பற்றிக் கேட்பார்கள். ஒருத்தி வரவில்லை என்றால் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அப்பாயியின் முறை வரும்போது எழுந்து, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, மேசைக்கு முன்னால் போய் நிற்பாள். அதிகாரி தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்ப்பார், காகிதத்தைப் பார்ப்பார், மறுபடி முகத்தைப் பார்ப்பார். பிறகு முத்திரை. அவ்வளவுதான். அப்பாயி வெளியே வந்து ஒரு சோடா குடிப்பாள். “பாத்துட்டாருடா” என்பாள். சாமி பார்த்துவிட்டது என்று சொல்லும் அதே குரலில்.

சித்தப்பா பிள்ளைகள் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். அங்கே புறநகர் ஒன்றில் தங்கையின் கல்யாணத்துக்கு நானும் போனேன். தாலி முன்தினமே ஒரு வாடகைக் கூடத்தில் ஆகிவிட்டது. மறுநாள் மேரி. இரண்டு ‘ஊய்’ கேட்டதும் பின்வரிசையில் இருந்து சித்தி, பையில் கொண்டுவந்திருந்த அட்சதையை வீசிவிட்டாள். துணை மேயரின் நரைத்த தலையிலும் மூவண்ணப் பட்டையிலும் மஞ்சள் அரிசி. அவர் ஒரு கணம் திகைத்து, ஒரு மணியை எடுத்துப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போனில் சொன்னபோது அப்பாயி கேட்டது ஒன்றுதான். “பட்டைய எந்தத் தோள்ல போட்டிருந்தாரு?”

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு. பெயர்களைச் சொன்னாலே போதும், எங்கள் ஆட்களுக்கு அன்றைய காலை வந்துவிடும். மறுவருஷம் முதல் கடற்கரையில் நினைவுநாள். தூணுக்கு மலர்வளையம், அதிகாரிகள், அமைச்சர். நான் ஒரு வருஷம் போயிருந்தேன். மௌனம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் தலைகுனிந்தார்கள். அரை நிமிஷம் போயிருக்காது, தண்ணீரோரம் உட்கார்ந்திருந்த ஒரு மீனவப் பெண் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். பேர் சொல்லி, வயசு சொல்லி, அன்று காலை சாப்பிட்டது என்ன என்று சொல்லி. பக்கத்துப் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் அவர்கள் பக்கம் ஓரடி வைத்து நின்றுவிட்டார். மௌன நிமிஷம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவர்கள் சொம்பில் இருந்த பாலைக் கடலில் ஊற்றினார்கள். அதிகாரிகளில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அலைவரை இறங்கி, ஒரு கிழவி நீட்டிய சொம்பை வாங்கி அவரும் ஊற்றினார். நிகழ்ச்சி நிரலில் அது இருந்திருக்காது.

அப்பாயி 2009 ஐப்பசியில் போனாள். நவம்பர் பிறந்திருந்தது. நகராட்சியில் இறப்பைப் பதிந்து, சான்றிதழ் நகல் வாங்கி, மொழிபெயர்த்துத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். உசுரு காயிதம் கொடுத்த இடத்திலேயே மற்றக் காகிதத்தையும் கொடுக்க வேண்டும் அல்லவா? அப்பா பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். ஒவ்வொரு பேருக்கும் கீழே ஓர் இடம் காலியாக விட்டிருப்பார்கள். பிறப்பை எழுதும்போதே சாவுக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறது அந்தப் புத்தகம். தாத்தா பேருக்குக் கீழே நிரம்பியிருந்தது. அப்பாயிக்குக் கீழே வெறும் கோடு.

பதினாறாம் நாள் கருமாதி. படையலில் அவளுக்குப் பிடித்த வெள்ளரிக்காய்க் கூட்டு, கருவாடு, வெற்றிலை, படத்துக்கு முன்னால் புதுப் புடவை. அப்பா அதன்மேல் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தார். சாம்பிராணி போட வந்தவர் அதைப் பார்த்து, “இது என்னங்கய்யா, ராமாயணமா?” என்றார்.

“குடும்பம்” என்றார் அப்பா.

அவர் வேறொன்றும் கேட்காமல், புகையை அதன்மேலும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.